சீரியல் நேரத்தில் வரும் தண்ணி!

திருவல்லிக்கேணி என்றதும் பார்த்தசாரதி கோயில், பாரதியார் இல்லம், மேன்ஷன்கள்தான் உங்களுக்கு ஞாபகம் வரும். எனக்கு அடிபம்பு சத்தம்!

நான் குடியிருக்கும் சந்தில் ஆறு வீட்டுக்கு ஒரே பம்பு. ராத்திரி 8 மணிக்கு மேல்தான் தண்ணி வரும். சீரியல் நேரமும் அதுதான். “தம்பி, டி.வி சவுண்டை ஏத்துப்பா!” என்பார் கீழ்வீட்டு அக்கா. பம்பு அடித்தபடியே கதை கேட்பார். விளம்பரம் வந்தால் குடம் மாடி ஏறும்.

போன மாதம் தண்ணியில் சாக்கடை வாடை. பழைய தெருவில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. தண்ணி நின்றிருக்கும் நேரத்தில், விரிசல் வழியே கழிவு உள்ளே கசிந்துவிடும். புகார் செய்தேன். மறுநாளே ‘தங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று மெசேஜ் வந்தது. வாடை போகவில்லை!

“2019-ல ஏரியெல்லாம் வத்திப்போய் லாரிக்குக் காத்துக் கிடந்தோம். இப்போ தண்ணி வருது, வாயில வைக்க முடியல” என்றார் அக்கா. அவர் வீட்டுக் குழந்தைக்கு மூன்று நாளாக வயிற்றுப்போக்கு.

அன்று ராத்திரி ஆறு வீட்டாரும் மொட்டைமாடியில் கூடி மனு எழுதிக் கையெழுத்துப் போட்டோம். நாளை நேரில் கொடுக்கப் போகிறோம். அதை எழுதி முடிக்கும்வரை எந்த வீட்டிலும் டி.வி ஓடவில்லை.