அரை மில்லிமீட்டர் எதிரி!

ஃப்ரெண்ட்ஸ், ஸ்கேல் மாடல் கிட் வாங்கியிருக்கீங்களா? பெட்டி மேல போர் விமானம் ஒண்ணு மேகத்தைக் கிழிச்சுக்கிட்டுப் பறக்கும். திறந்தா... பிளாஸ்டிக் சட்டத்தில் தொங்கிக்கிட்டிருக்கிற சாம்பல் கலர் துண்டுகள், கூடவே ஒரு வரைபடம். அவ்வளவுதான்! 'ஒட்டினா விமானம் ரெடி'ன்னு நினைச்சா, சாரி பாஸ். பல கிட்ல இறக்கையும் உடம்பும் ஒண்ணோட ஒண்ணு சேராது.

காரணம் சிம்பிள். உருக்கின பாலிஸ்டைரீனை உலோக அச்சுக்குள்ளே அழுத்திச் செலுத்தி இந்தத் துண்டுகளை எடுக்கிறாங்க. ஆறும்போது பிளாஸ்டிக் சுருங்கும். தடிமனான இடமும் மெல்லிசான இடமும் ஒரே மாதிரி சுருங்காது. அச்சு தேய்ஞ்சிருந்தா இன்னும் மோசம்.

நான் வாங்கினது மிக்-21. 1/72 ஸ்கேல். அதாவது, ஆறடி மனுஷன் ஒரு இஞ்ச் ஆயிடுவான். நிஜத்தில் 7.15 மீட்டர் இருக்கிற இறக்கை விரிப்பு, என் மேஜையில் சுமார் 10 சென்டிமீட்டர்.

இது என் பெரியப்பாவுக்காக. விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். 1963-ல் நம்ம படைக்கு வந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26 அன்னிக்கு சண்டிகரில் விடைபெற்றப்போ, டி.வி. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டிருந்தார். க்ளாக்கோமா. பார்வை அநேகமா போயாச்சு. "எனக்கு ஒண்ணு செஞ்சு குடுடா"ன்னார்.

கண்ணால் பார்க்கிறவங்களை பெயின்ட் அடிச்சு சமாளிச்சிடலாம். விரலால் பார்க்கிறவரை?

இறக்கையை வெச்சுப் பார்த்தேன். உடம்போட சேர்ற இடத்தில் அரை மில்லிமீட்டர் இடைவெளி. 'இவ்வளவுதானே'ன்னு தோணுதா? 72-ஆல் பெருக்குங்க. 36 மில்லிமீட்டர்! நிஜ விமானமா இருந்தா அந்த இடுக்கில் ரெண்டு விரலை நுழைச்சிடலாம். பெரியப்பா அப்படி ஒரு விமானத்தை ஓடுபாதைக்கு விட்டிருப்பாரா?

நீங்களும் கிட் வாங்கினா, பசையைத் தொடாதீங்க. முதல்ல செலோ டேப் போட்டு எல்லாத்தையும் சேர்த்துப் பாருங்க. எங்கே இடிக்குது, எங்கே விலகுதுன்னு அப்பவே தெரிஞ்சிடும். வளைஞ்ச துண்டை வெந்நீரில் கொஞ்ச நேரம் முக்கி, மெதுவா நிமிர்த்தி, உடனே பச்சைத் தண்ணியில் போடுங்க. கொதிக்கிற தண்ணி மட்டும் வேண்டாம்.

இறக்கை இடைவெளிக்கு, சட்டத்தில் இருந்து ஒரு குச்சியை வெட்டி, உடம்பின் ரெண்டு பாதிக்கும் நடுவே உள்பக்கமா முட்டுக் குடுங்க. உடம்பு லேசா விரியும், இடைவெளி பாதி காணாமப் போயிடும். ரெண்டு பாதியையும் ஒட்டறதுக்கு முன்னாடியே செய்ய வேண்டிய வேலை இது. டேப் போட்டுப் பார்க்கச் சொன்னது இதுக்குத்தான்!

மிச்சத்தை அடைக்க புட்டி கூட வாங்க வேண்டாம். மாடல் பசை பிளாஸ்டிக்கையே கரைச்சு ஒண்ணா இணைக்கிற சமாச்சாரம். அந்தப் பசை பாட்டிலில் சட்டத் துண்டுகளைப் பொடியா நறுக்கிப் போட்டு ஒரு ராத்திரி விட்டா, கூழ் ரெடி. அதே பிளாஸ்டிக்ங்கிறதால தேய்க்கும்போது மேடு பள்ளம் வராது. காயக் காய சுருங்கும், அதனால் மறுபடி பூசணும். அப்புறம் ஹார்டுவேர் கடை வாட்டர் எமரி... 400, 600, 1000 நம்பர் வரிசையா, தண்ணி தொட்டு. ஜன்னலைத் திறந்து வெச்சுக்கோங்க, பசை நெடி ஆகாது. கடைசியில் மெல்லிசா ஒரு கோட் பிரைமர். ஒளிஞ்சிருக்கிற கீறல் எல்லாம் பல்லைக் காட்டும்.

நான் மூணு தடவை பூசி, மூணு தடவை தேய்ச்சேன். ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கிட்டு விரலை ஓட்டிப் பார்த்தேன்.

போன வாரம் பெரியப்பா கையில் குடுத்தேன். மூக்குக் கூம்பு, விமானி கூண்டு, முதுகுன்னு விரல் மெதுவா போச்சு. இறக்கை சேர்ற இடத்தில் நின்னுச்சு. திரும்பி வந்துச்சு. மறுபடி போச்சு. "இறக்கை லேசா கீழே சாய்ஞ்சிருக்கணும்... ம், சாய்ஞ்சிருக்கு"ன்னார். இடைவெளி பத்தி ஒரு வார்த்தை இல்லை!

அப்புறம் வயித்துப் பக்கம் தடவிட்டுக் கேட்டார், "சக்கரத்துக் கதவெல்லாம் எங்கடா?"

மேஜை மேலதான் இருக்கு. அதுவும் பொருந்தலை. இன்னிக்கு ராத்திரி அதுதான் வேலை!