எட்டு மூலை ஜெபக்கூடம்

மகளின் பிரசவத்துக்காக மான்செஸ்டர் போயிருந்தேன். பேரனுக்கு ஆறு மாதம் ஆனதும், "வாங்க அத்தை, ஒரு கிராமம் பார்த்துட்டு வரலாம்" என்று மாப்பிள்ளை எங்களை ரயிலில் அழைத்துப் போனார்.

ஹெப்டன் பிரிட்ஜில் இறங்கி, கல் பாவிய செங்குத்தான பாதையில் ஏறினோம். ஒரு காலத்தில் பொதிக் குதிரைகள் ஏறிய பாதையாம். எனக்கோ மூச்சு வாங்கியது! மேலே ஹெப்டன்ஸ்டால் கிராமம். கறுத்த கல் வீடுகள். மாடியில் வரிசையாக ஜன்னல்கள்.

"எதுக்கு இத்தனை ஜன்னல்?"

"தறிக்கு வெளிச்சம் வேணுமே, அத்தை!"

பெண்களும் பிள்ளைகளும் நூல் நூற்க, ஆண்கள் கம்பளித் துணி நெய்த ஊர் அது. அந்த நெசவாளர்கள் 1764-ல் கட்டியதுதான் இந்த மெதடிஸ்ட் ஜெபக்கூடம்.

மெதடிஸ்ட் சபைக்கு வித்திட்ட ஜான் வெஸ்லி (1703-1791) குதிரையேறி ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தவர். அவருடைய தாய் சூசன்னா பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்றவள். பிழைத்தவர்களுக்கு வீட்டிலேயே நேரம் தவறாமல் பாடம் சொல்லிக் கொடுத்தாள். எதிலும் ஒழுங்குமுறை பார்த்ததால், ஆக்ஸ்போர்டில் மகனையும் நண்பர்களையும் கேலியாக அழைத்த பெயரே 'மெதடிஸ்ட்'. அந்த ஒழுங்கு அம்மாவிடம் கற்றதுதானே, சகோதரிகளே!

கட்டிடம் முடியுமுன்பே வெஸ்லி இங்கு வந்து பிரசங்கித்தார். எட்டுப் பக்கச் சுவர் அவருக்குப் பிடித்த அமைப்பு. பேசுபவரைச் சுற்றி எல்லோரும் நெருங்கி உட்காரலாம். குரலும் நன்றாகக் கேட்கும். கூரையை 35 மைலுக்கும் அப்பால் ரோதர்ஹாமில் செய்து, குதிரைகளில் கொண்டு வந்தார்களாம். ஊர் ஜனங்கள் பாட்டுப் பாடிக்கொண்டே எதிர்கொண்டு அழைத்தார்கள் என்கிறார்கள்.

கூட்டம் பெருகியது, இடம் போதவில்லை. ஜனங்கள் பழையதை விட்டுவிடவில்லை. 1802-ல் ஒரு பக்கச் சுவரை எடுத்துவிட்டு, கூடத்தை நீட்டிக் கட்டினார்கள். அதனால் இன்று எட்டு மூலையும் உண்டு, நீளமும் உண்டு. பிறகு விசைத்தறி வந்தது. கைத்தறிகள் ஓய்ந்தன, பலர் பிழைப்புத் தேடிப் பள்ளத்தாக்கின் ஆலைகளுக்கு இறங்கிப் போனார்கள். ஜெபக்கூடம் மட்டும் குன்றிலேயே நிற்கிறது.

எங்கள் வீட்டிலும் மகனுக்குக் கல்யாணமானதிலிருந்து, "இடம் போதலை, வித்துடலாம்" என்றே பேச்சு. மாமனார் கட்டிய வீடு. எனக்கு மனசே வரவில்லை. ஊர் திரும்பியதும் அவரிடம் இந்த ஜெபக்கூடத்தின் கதையைச் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், மறுநாளே கொத்தனாரைக் கூட்டி வந்தார்.

பின்கட்டுச் சுவரை இடித்து ஓர் அறை நீட்டியாயிற்று. மருமகள் இப்போது அங்கேதான் தொட்டில் கட்டியிருக்கிறாள்.