நம் தெருவில் நின்ற வண்டிகள்

கார்ப் பந்தயம் என்றதும் இன்றைய தலைமுறைக்கு நினைவில் எழுவது தரையோடு தரையாகப் பதிந்து, முன்னும் பின்னும் சிறகு விரித்து ஓடும் ஒற்றை இருக்கை வண்டிதான். எங்களுக்கோ பியட் கார்தான் நினைவுக்கு வரும். தஞ்சாவூர்க் கீழவீதியில் டாக்டர் வீட்டு வாசலில் நிற்குமே, அதே பியட். அது பம்பர் கழற்றப்பட்டு, கதவில் வெள்ளை வட்டமும் எண்ணும் எழுதப்பட்டு, காது கிழியும் ஓசையோடு எங்கள் முன் பறந்த காட்சியைக் கண்டவர்கள் நாங்கள். அந்த நாட்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு என்ற ஆதங்கமே இதை எழுதத் தூண்டியது.

அமெரிக்காவில் 'ஸ்டாக் கார்' பந்தயம் என்று ஒன்று உண்டு. கடையில் விற்கிற காரை அப்படியே பந்தயத்தில் ஓட்டுவது என்பதுதான் அதன் ஆதிப் பொருள். கள்ளச்சாராயம் கடத்தியவர்கள் போலீசுக்குத் தப்ப முடுக்கிவிட்ட வண்டிகளில் அதன் வேர்களில் ஒன்று இருக்கிறது. 1947 டிசம்பரில் டேட்டோனா கடற்கரை ஊரின் விடுதி ஒன்றில் பில் பிரான்ஸ் கூட்டிய கூட்டத்திலிருந்து நாஸ்கார் அமைப்பு பிறந்தது. 1949 ஜூனில் சார்லட்டில் நடந்த முதல் பெரும் பந்தயத்திலேயே முதலில் வந்தவர் தகுதி இழந்தார். சாராயம் கடத்தும் வண்டிகளில் செய்வது போல அவர் காரின் பின் ஸ்பிரிங்குகளை மாற்றியிருந்தார்கள்! 'கடை வண்டி' எங்கே முடிகிறது, 'பந்தய வண்டி' எங்கே தொடங்குகிறது என்ற வழக்கு அன்றே ஆரம்பமாகிவிட்டது.

நமக்கு வாய்த்த டேட்டோனா சோழவரம். சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டிக் கல்கத்தா சாலையில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று கிடந்தது. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்திவந்தது. கோண்டல் மகாராஜா முதல் விஜய் மல்லையா வரை அங்கே ஓட்டியவர்கள் பலர். சோழநாட்டுக்காரர்களான எங்களுக்குச் சோழன் பெயர் கொண்ட ஊர் என்பதில் ஓர் அசட்டுப் பெருமையும் இருந்தது.

பந்தயம் வரும் மாதமும் எங்களுக்கு இசைவாக அமைந்தது. தை பிறந்து சம்பா அறுவடை முடிந்து, நெல் விற்ற காசு வீட்டில் புழங்கும் பிப்ரவரி. வயலில் உளுந்தும் பயறும் தானாக முளைத்துக்கொண்டிருக்கும். ஆளுக்கு வேலை இராது. மெயின் லைனில் மீட்டர் கேஜ் இரவு வண்டி ஏறினால் கும்பகோணம், மாயவரம், சிதம்பரம் வழியாக விடியற்காலை எழும்பூர். அங்கிருந்து பஸ். கையில் கட்டுச்சோறு. அவ்வளவுதான் யாத்திரை.

பந்தயத்தின் நுட்பம் எங்களுக்குப் புதிதல்ல. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயங்களில் பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு என்று பிரித்து ஓட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். சோழவரத்தில் என்ஜினின் கன அளவைக் கொண்டு பிரித்தார்கள். 948 சிசி ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஒரு மாடு, 1089 சிசி பியட் ஒரு மாடு, 1489 சிசி அம்பாசடர் பெரிய மாடு என்று நாங்களே பெயர் சூட்டிக்கொண்டோம்.

இந்த வண்டிகளை முடுக்கிய விதம் தனிக்கதை. இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலம். உதிரிபாகம் வேண்டுமென்றால் லேத் பட்டறையில்தான் பிறக்க வேண்டும். சிலிண்டர் ஹெட்டைச் சற்றே சீவி அழுத்தத்தைக் கூட்டுவார்கள். காற்று போகும் துளைகளை உப்புத்தாள் கொண்டு கண்ணாடியாகத் தேய்ப்பார்கள். பின் இருக்கை, கம்பளம் என எடை தரும் எல்லாவற்றையும் பிடுங்கி எறிவார்கள். பியட்டில் ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த கியர்க் கம்பியைத் தரைக்கு மாற்றுவார்கள். விளக்கெண்ணெய் சேர்ந்த பந்தய எண்ணெய் எரியும் வாசனை எங்கள் மூக்கில் இன்னும் இருக்கிறது.

எங்களோடு வந்த மெக்கானிக் ஒருவர் சொன்னார்: "தம்பி, அந்த ஒத்த சீட்டு வண்டியப் பாத்தா ஆச்சரியம் வரும். பியட்டப் பாத்தாத்தான் பொறாமை வரும்." அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆச்சரியப்படுகிறவன் பார்வையாளனாகவே நின்றுவிடுகிறான். பொறாமைப்படுகிறவன் ஊருக்குத் திரும்பி ஸ்பானரை எடுக்கிறான். அவர் எடுத்தார். மறு வாரமே அவர் பட்டறைக்கு வந்த ஒரு கிழட்டு அம்பாசடர், உரிமையாளருக்கே புரியாத வேகத்தில் வல்லம் சாலையில் ஏறியது.

எங்கள் தஞ்சாவூரிலும் அதே போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று இருந்தது. அங்கே ஒரு பந்தயம் நடக்காதா என்று நாங்கள் ஏங்காத நாளில்லை. 2013இல் அது விமானப்படைத் தளமாயிற்று. அந்தக் கனவுக்கு முற்றுப்புள்ளி.

பழைய காலத்தைப் பேசும்போது அதன் ஆபத்தையும் அழகாக்கிவிடுவது ரசிகர்களின் வழக்கம். அதில் எங்களுக்கு உடன்பாடில்லை. விமானம் இறங்கக் கட்டிய இடத்தில் காருக்கான காப்பு எதுவும் இயல்பாக அமையாது. வண்டிக்கும் எங்களுக்கும் இருந்த இடைவெளியை நினைத்தால் இப்போது வயிற்றைக் கலக்குகிறது. 1955இல் பிரான்சின் லெமான் பந்தயத்தில் கார் ஒன்று கூட்டத்துக்குள் சிதறி எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாங்கள் அப்போது அறிந்திருக்கவில்லை. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தடம் திறக்கப்பட்டது. அது வேண்டியதே. சோழவரத்தோடு போனது வேறு: நம் தெரு வண்டிக்கும் பந்தயத்துக்கும் இருந்த உறவு.

கோவையின் கரிவரதன் மாருதி 800 என்ஜினை வைத்துச் சிக்கனமான பந்தய வண்டிகள் கட்டி அந்த உறவைச் சற்றே நீட்டித்தார். 1995இல் விமான விபத்தில் மறைந்தார். அதே கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005இல் பார்முலா ஒன்றுக்குப் போன முதல் இந்தியர். ஐந்து ஆண்டு கழித்து அவர் நாஸ்காரின் டிரக் பந்தயத்திலும் ஓட்டினார். முதல் பந்தயத்தில் 13ஆம் இடம். அந்தச் செய்தியைப் படித்தபோது சுற்றி வளைத்து ஏதோ வீடு வந்து சேர்ந்தது போலிருந்தது எங்களுக்கு.

பியட்டின் உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு ஆகிறது; அம்பாசடர் 2014இல் நின்றது. ஓட்டியவர்களின் பெயர்கள் கோப்பைகளிலாவது பொறிக்கப்பட்டிருக்கும். ஹெட்டை எத்தனை நூல் சீவினால் உடையாமல் ஓடும் என்று விரல் நுனியால் அறிந்தவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை. எங்கள் மெக்கானிக்கும் அந்தக் கணக்கை எந்த நோட்டிலும் எழுதிவைக்காமலே போய்ச் சேர்ந்தார். அவர் பட்டறை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை. உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். இருக்கும்போதே போய்க் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.