“வேண்டாம்” என்னும் குரல்

பனியை நான் தொட்டதில்லை. ஆனாலும், பனிச்சறுக்கு மலையேற்றத்தைப் பற்றி வாசிக்கத் தொடங்கியதிலிருந்து அது என் சிந்தனையை விட்டு நீங்கவில்லை.

இம்மலையேறிகள் சறுக்குப் பலகைகளின் அடியில் பிடிமானப் பட்டைகளை ஒட்டிக்கொண்டு சிகரம் வரை ஏறுவர். பின் அவற்றைக் கழற்றிவிட்டுச் சறுக்கி இறங்குவர். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 4000 மீற்றருக்கு மேல் உயர்ந்த சிகரங்கள் பல உள்ளன. அங்கே குளிர்காலத்தின் தொடக்கம் ஏமாற்றும் காலமாகும்.

முதலில் விழும் பனி மெல்லிய படலமாகவே இருக்கும். அதன் அடியில் நிலம் 0 பாகை செல்சியசை அண்டியிருக்க, மேலே காற்றோ கடுங்குளிராயிருக்கும். இவ்வேறுபாட்டால் நீராவி பனிக்குள்ளே மேல்நோக்கி நகர, பனிமணிகள் சீனியைப் போல் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரியாகின்றன. பின்னர் பெய்யும் பனி அதன்மேல் பலகைபோல் இறுகுகிறது. 30 பாகைக்கு மேற்பட்ட சாய்வில், ஒருவரின் பாரமே அதை உடைத்துப் பனிச்சரிவை உண்டாக்கப் போதும். வெளியிலிருந்து பார்த்தால் வெண்மை மட்டுமே தெரியும்.

ஆகவே அவர்கள் குழி தோண்டிப் படலங்களைச் சோதிக்கின்றனர். ஐயம் எழுந்தால் திரும்புகின்றனர். ஒருவர் மட்டும் “வேண்டாம்” என்றாலும் அனைவரும் திரும்புவது நல்ல குழுக்களின் வழக்கம். என்னைக் கவர்ந்தது இதுவே. எல்லோரும் போகலாம் என்கையில் ஒருத்தி மறுப்பது எவ்வளவு கடினம் என்பதை என் வயதுத் தோழியர் அறிவர். அங்கே அப்படிச் சொல்பவரை யாரும் கோழை என்பதில்லை. அக்குரல் எல்லோர் உயிரையும் காக்கக்கூடும்.

ஒட்டகத்தைக் கட்டிய பின்பே தவக்குல் வைக்க வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். குழி தோண்டிப் பார்ப்பதும் ஒட்டகத்தைக் கட்டுவதுதான். “வேண்டாம்” என்னும் தோழியைக் கேலி செய்யாமல், ஒரு நிமிடம் நின்று கேட்போம், இன்ஷா அல்லாஹ்.