சாப்பாட்டுக்கே சாப்பாடு

தாமிரபரணிக் கரையில் வளர்ந்த எனக்கு, மீன் வளர்ப்பு என்றால் குளத்தில் குஞ்சை விட்டுத் தவிடும் புண்ணாக்கும் போடுவதுதான். அந்த நினைப்போடுதான் போன வருஷம் ப்ராஜெக்டுக்காகத் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கொடுவா மீன் பொரிப்பகத்துக்குப் போனேன். நான் இ.இ.இ. மூணாம் வருஷம். தொட்டியில் காற்று நின்றால் போனுக்கு மெசேஜ் அனுப்பும் சென்சார், அவ்வளவுதான் எங்கள் திட்டம்.

"தீவனத்தைப் பொடிச்சுப் போட்டா என்ன அண்ணாச்சி?" என்று பொறுப்பாளரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் மைக்ரோஸ்கோப்பைக் காட்டினார். பொரிந்து மூணு நாள் ஆன குஞ்சு. கண்ணாடி மாதிரி உடம்பு, ரெண்டு கரும்புள்ளிக் கண். கூடவே கொண்டுவந்த மஞ்சள் கரு தீரும் நேரத்தில்தான் வாய் திறக்குமாம். அந்த வாயே கால் மில்லிமீட்டர் அளவுதான். இரைப்பை இன்னும் உருவாகவில்லை. அசையாத பொடியை இரை என்றே கண்டுகொள்ளாது. நீந்துகிற ரோட்டிஃபர்தான் வேணும். எட்டு, பத்து நாளில் ஆர்ட்டீமியா. தீவனமெல்லாம் அதுக்கப்புறம்.

அந்த ரோட்டிஃபருக்கு நானோகுளோராப்சிஸ் என்கிற பாசியை வளர்த்துப் போடணும். ஆர்ட்டீமியாவில் வேற சிக்கல். மீன் குஞ்சின் கண்ணுக்கும் மூளைக்கும் தேவையான டி.எச்.ஏ. கொழுப்பு அமிலம் அதில் கிட்டத்தட்ட இல்லை. குஞ்சாலும் அதைப் போதிய அளவு தயாரிக்க முடியாது. அதனால் ஆர்ட்டீமியாவுக்கு வாய் திறந்ததும் மீன் எண்ணெய் கலந்த நீரில் சில மணி நேரம் விட்டு, அது வயிறு நிறைந்த பிறகு குஞ்சுக்குப் போடுகிறார்கள். 2010-ல் மண்டபத்தில் சி.எம்.எஃப்.ஆர்.ஐ. கடல் விரால் குஞ்சுகளை உற்பத்தி செய்ததும் ரோட்டிஃபர், ஆர்ட்டீமியா வழியில்தான். தூத்துக்குடி உப்பளத்திலேயே ஆர்ட்டீமியா உண்டு. ஆனா அங்கே நான் பார்த்த டப்பா அமெரிக்க உப்பு ஏரியிலிருந்து வந்தது!

சென்சாரை மீன் குஞ்சுத் தொட்டியில் மாட்டினோம். காப்பாத்த வேண்டியது அதைத்தானே? குஞ்சு பொரிந்த நாலாம் ராத்திரி, ரோட்டிஃபர் தொட்டிக்குப் போகும் காற்றுக் குழாய் கழன்றுவிட்டது. மெசேஜ் வரவில்லை. எப்படி வரும்? மீன் தொட்டியில் காற்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. விடிந்து பார்த்தால் ரோட்டிஃபர் அத்தனையும் செத்து அடியில் கிடந்தது. மறுபடி பெருக்க நாலஞ்சு நாளாவது ஆகும். குஞ்சுக்கு அவ்வளவு நாள் கிடையாது. அண்ணாச்சி வண்டியை எடுத்துக்கொண்டு இன்னொரு பொரிப்பகத்துக்கு ஓடினார். கிடைத்தது ரெண்டு கேன். ரெண்டு நாள் கழித்து, தொட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததை ட்யூப் வைத்து உறிஞ்சி எடுத்தது நான்தான். பாதிக்கு மேல் போயிருந்தது.

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

"அந்த மெஷினு இன்னொண்ணு செய்யி, ரோட்டிஃபருக்கு" என்றார். கேனைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "பாசித் தொட்டிக்கும் ஒண்ணு வேணும்டே" என்றார்.

நெல்லை பஸ்ஸில் உட்கார்ந்து மூணு சென்சாருக்குக் கணக்குப் போட்டேன். மீன் தொட்டியைக் கடைசியில் எழுதினேன்.