தளர்ந்த விரல்கள்

மருத்துவமனையில் அப்பாவின் கட்டிலருகே மூன்று இரவுகள் உறக்கமின்றிக் கழிந்திருந்தன. அம்மாதான், "பெயர் கொடுத்தாயிற்றே, போய்விட்டு வா" என்று கோத்தகிரி மலைச் சைக்கிள் போட்டிக்கு அனுப்பிவைத்தாள்.

ஏற்றத்தில் களைப்பு ஒளிந்துகொள்வதில்லை. மூச்சிரைத்தால் இறங்கி உருட்டிக்கொண்டு போகலாம். இறக்கத்தில்தான் அது ஏமாற்றும். தேயிலைச் சரிவில், கண் வளைவைக் கண்ட பின்னும், பிரேக்கின் மேலிருந்த விரல்கள் அரைக்கணம் தயங்கின.

1976இல் கலிபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் அருகே தொடங்கிய ரீபேக் பந்தயத்தில், ஒரே இறக்கத்தில் பின்சக்கரப் பிரேக்கின் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். மறுபடி அடைக்க வேண்டும். பந்தயத்தின் பெயரே அதனால் வந்ததுதான். விரல்களுக்கு அப்படி அடைக்க ஏதுமில்லை.

"அண்ணா, வழி!" என்றான் பின்னால் வந்த பையன். ஒதுங்கினேன். இன்னும் நால்வர் கடந்து போனார்கள்.

முடிவுக்கோட்டில் கொடுத்த தேநீரைப் பிடிக்க இரண்டு கைகளும் வேண்டியிருந்தன.