எடிட்டிங்குக்கு மட்டும் விண்டோஸ்

எழுத்து, இணையம், கணக்கு வழக்கு எல்லாம் எனக்கு உபுண்டு லினக்ஸில்தான். வீடியோ எடிட்டிங் என்றால் மட்டும் ரீஸ்டார்ட் செய்து விண்டோஸுக்குள் போவேன். "வைன் போட்டு விண்டோஸ் மென்பொருளை லினக்ஸிலேயே ஓட்டலாமே?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பிரீமியர் ப்ரோ மாதிரி கனமான மென்பொருளுக்கு அது சரிப்படாது. விர்ச்சுவல் மெஷினிலோ கிராபிக்ஸ் கார்டின் முழுப் பலமும் சாதாரணமாகக் கிடைக்காது. இப்படி ரீஸ்டார்ட் செய்து மாறும் டூயல் பூட்டில் ராம், கார்டு எல்லாமே முழுசாக விண்டோஸ் கையில்.

இப்படி வைத்திருப்பவர்கள் கவனிக்க:

1. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். அந்த டிரைவில் லினக்ஸால் எழுத முடியாமல் போகலாம்.

2. ஃபுட்டேஜுக்குத் தனிப் பார்ட்டிஷன் வையுங்கள். என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் நல்லது. ஃபேட்32 வேண்டாம், அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது. 4கே கிளிப் சில நிமிடங்களிலேயே அதைத் தாண்டிவிடும்.

3. கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முன்பின்னாகக் காட்டினால் பதற வேண்டாம். மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் யுடிசி என்ற உலகப் பொது நேரமாகவும் படிக்கின்றன. லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

குடும்ப விழா வீடியோவை வெட்டி ஒட்ட மட்டும் என்றால் லினக்ஸில் கேடென்லைவே போதும், அதுவும் இலவசம். வாடிக்கையாளர் பிரீமியர் புராஜெக்ட் ஃபைலையே கேட்கிறார் என்றால் டூயல் பூட்தான் வழி. எதுவானாலும், பார்ட்டிஷனில் கை வைக்கும் முன் பேக்கப் எடுத்துவிடுங்கள் மக்களே!